சிகிச்சைக்குப் பின் ஒரு தோட்டம்

சீகிரியாவுக்குச் செல்வோர் அங்குள்ள ஓவியங்களைப் பற்றிப் பேசுமளவுக்கு, குன்றின் அடிவாரத்துப் பூங்காக்களைப் பற்றிப் பேசுவதில்லை. 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அமைத்த நீர்த் தோட்டங்கள் அரச குடும்பத்தின் இன்பத்துக்கானவை. அதே மாத்தளை மாவட்டத்தின் சாதாரண வீட்டுத் தோட்டங்களுக்கு அப்புகழ் இல்லை. ஆயினும், புற்றுநோயிலிருந்து மீண்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு வல்லாரையும் கறிவேப்பிலையும் வளரும் அச்சிறு நிலம் பேருதவி புரியக்கூடும்.

எமது நாட்டுப் பெண்களை அதிகம் தாக்குவது மார்பகப் புற்றுநோயாகும். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் இதற்கு இலவசமாகவே சிகிச்சை அளிக்கப்படுகின்றது. சிகிச்சை முடிந்த பின்னர் என்ன என்பதுதான் கேள்வி. களைப்பு, கை வீக்கம், நோய் திரும்புமோ என்ற அச்சம் ஆகியவற்றோடு வருபவரை, 'ஒன்றும் செய்யாதீர்கள்' என்று குடும்பத்தினர் அன்பின் பெயரால் மூலையில் இருத்திவிடுகின்றனர். நோயின் பெயரைக்கூட வெளியில் சொல்லாத எமது தமிழ், முஸ்லிம் குடும்பங்களின் வழக்கம் அத்தனிமையை மேலும் கூட்டுகின்றது.

இத்தகைய பெண்களுக்குத் தோட்டவேலை உதவுமா என்பதை அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தனர். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 82 பெண்கள் பங்குபற்றிய ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளியாகின. பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவரின் வழிகாட்டலில் ஓராண்டு காய்கறி பயிரிட்டோரின் கைகால் வலுவும் உடலியக்கமும் மேம்பட்டிருந்தன. பின்னர் 381 முதியோரிடம் நடத்தப்பட்ட ஆய்வில் (2024) ஒட்டுமொத்த அளவீட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எனினும் காய்கறி, பழம் உண்பதும் உடற்திறனும் கூடியிருந்தன. ஆகவே தோட்டம் மருந்துக்கு மாற்றாகாது. அப்படிக் கூறி மருந்தை நிறுத்தச் சொல்வோரை நம்பலாகாது.

அவதானமும் வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றும் மருந்துச் சிகிச்சைக் காலத்தில் மண்ணையும் கூட்டெருவையும் கிளறுவது கிருமித்தொற்றுக்கு வழிவகுக்கலாம். வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவரின் கையில் முள் கீறினாலும் கை வீங்கக்கூடும். கையுறை அவசியம். நீர் நிறைந்த வாளியை அந்தக் கையால் தூக்குவதையும் தவிர்ப்பது நல்லது.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியில், பயிர் செய்வதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கிய நாடு இது! இப்பெண்களுக்காக விவசாயப் போதனாசிரியர்களின் சில மணி நேரத்தை ஒதுக்குவது பெரிய காரியமல்ல. வீடு திரும்பும் பெண்ணின் விபரத்தை, அவரது சம்மதத்துடன், வைத்தியசாலை அவர்களுக்கு அறிவிக்கலாம். பெண் உத்தியோகத்தர் சென்றால் பலர் தயக்கமின்றிப் பேசுவர். லயன் அறைகளில் வாழ்வோருக்குக் காணி இல்லை. அவர்களுக்கு உரப்பைகளில் மண் நிரப்பி மிளகாய், கத்தரிக் கன்றுகளை நட்டுக் கொடுக்கலாம்.