ஊசி ஒரு டாக்டர், மாத்திரை ஒரு நர்ஸ்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் போன்ற ஊரில் ‘மாலா-என்’ கருத்தடை மாத்திரை கிராம சுகாதார செவிலியர் கையிலிருந்து இலவசமாக வரும். உடம்பு இளைக்கும் ஊசிக்கோ காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏற வேண்டும். ஊசி எழுதுபவருக்கு மாத்திரை தெரியாது. மாத்திரை கொடுப்பவருக்கு ஊசி தெரியாது. இரண்டும் சேருமிடம் ஒரே வயிறு.

2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ‘மவுஞ்சாரோ’வில் இருப்பது டிர்செபடைடு. வாரம் ஒரு ஊசி. பசியை அடக்குவதோடு, இரைப்பை காலியாவதையும் மெதுவாக்கும். காலையில் தின்ற இட்லி மட்டுமா தங்கும்? கூடவே விழுங்கிய மாத்திரையும்தான். 5 மில்லிகிராம் ஊசி ஒருமுறை போட்டு நடத்திய ஆய்வில், கருத்தடை மாத்திரையின் ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் தொடும் உச்ச அளவு 59 சதவீதம் சரிந்தது. உடம்பில் சேர்ந்த மொத்த அளவும் சுமார் 20 சதவீதம் குறைந்தது.

இரைப்பை காலியாவதில் வரும் இந்தத் தாமதம் முதல் ஊசிக்குப் பின் அதிகம். பழகப் பழகக் குறையும். அதனால் ஊசி தொடங்கியதும் 4 வாரம், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டியதும் 4 வாரம், ஆணுறையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அல்லது வாய்வழி அல்லாத முறைக்கு மாறுங்கள் என்கிறது மருந்தோடு வரும் குறிப்பு. கேட்க நாலு வாரம்தான். ஆனால் 2.5-இல் தொடங்கி மாதாமாதம் ஏற்றி 15 வரை போகிறவருக்கு அது கிட்டத்தட்ட அரை வருஷம்! இதை யாரும் கூட்டிச் சொல்வதில்லை.

‘ஓசெம்பிக்’, ‘வெகோவி’ ஊசிகளில் உள்ள செமாகுளூட்டைடு, கருத்தடை மாத்திரையின் அளவை இப்படிக் குறைப்பதாகத் தெரியவரவில்லை. ஆனாலும் இந்த ஊசிகள் எல்லாமே குமட்டல், வாந்தி தரக்கூடியவை. மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும்.

பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம். எடை இறங்கினால் நின்றுபோன கருமுட்டை வெளியேற்றம் திரும்பலாம். ‘நமக்கெங்கே கரு நிற்கப்போகிறது’ என்று அலட்சியமாக இருந்தவர்களுக்கும் நிற்கலாம். கர்ப்பத்தில் இந்த ஊசிகள் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் டிர்செபடைடை 1 மாதமும் செமாகுளூட்டைடை 2 மாதமும் முன்பே நிறுத்த வேண்டும் என்கிறது பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு.

ஊசி எழுதும் டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். காப்பர்-டியும் ‘அந்தாரா’ கருத்தடை ஊசியும் வயிற்று வழியே போவதில்லை. அரசு மருத்துவமனையில் இரண்டும் இலவசம்.