இலையே இல்லாத பெரணி

செடிக்கு உணவு தயாரிப்பது எது என்று கேட்டால், "இலை" என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். சைலோட்டத்திடம் அந்தப் பதில் செல்லாது. அதற்கு இலை கிடையாது, வேரும் கிடையாது. ஆனாலும் மேற்குத் தொடர்ச்சி மலையில், மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் பச்சைப்பசேலென்று வளர்கிறது இந்தப் பெரணி.

ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை உயரம். தண்டு இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகப் பிரியும். மொத்தத்தில், தலைகீழாக நிறுத்திய துடைப்பம் மாதிரி இருக்கும். கிளைகளில் அங்கங்கே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் செதில்கள் ஒட்டியிருக்கும். அவற்றுக்குள் நரம்பு ஓடுவதில்லை என்பதால் உண்மையான இலைகளாக அவற்றைச் சேர்ப்பதில்லை.

அப்படியானால் ஒளிச்சேர்க்கை எங்கே நடக்கிறது? தண்டை மெல்லிய வில்லையாகச் சீவி நுண்ணோக்கியில் பாருங்கள். வெளித்தோலில், வரப்பு வரப்பாக எழும்பிய மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில், நுண்ணிய துளைகள் தெரியும். கரியமில வாயு உள்ளே நுழையும் வழி அதுதான். தோலுக்கு அடியில் பசுங்கணிகம் நிறைந்த செல்கள், இடையிடையே காற்றுக்கு இடம் விட்டு அமைந்திருக்கும். அங்கேதான் வெயிலின் ஆற்றலால் நீரும் கரியமில வாயுவும் சர்க்கரையாகின்றன, ஆக்சிஜன் வெளியேறுகிறது. மாமர இலையில் நடக்கும் அதே வேலைதான்! அதற்கும் உள்ளே தடித்த சுவர் கொண்ட செல்கள் தண்டை நிமிர்த்திப் பிடிக்கின்றன. மண்ணுக்குள் படரும் தண்டிலுள்ள மெல்லிய இழைகளும், அதற்குள் குடியிருக்கும் பூஞ்சையும் நீரைச் சேர்த்துக் கொடுக்கின்றன.

எனக்கு மிகவும் வியப்பான செய்தி இனிமேல்தான். சைலோட்டத்தின் வித்து முளைத்து உடனே பச்சைச் செடி ஆகிவிடாது. முதலில் சில மில்லிமீட்டர் நீளமுள்ள பழுப்பு நிற உடல் ஒன்று மண்ணுக்கடியில் உருவாகும். அதில் பச்சையம் துளியும் இல்லை. இருட்டில் கிடக்கும் அதற்குச் சோறு போடுவது பூஞ்சை. அதில் கருவுற்ற பிறகே பச்சைத் தண்டு தோன்றி வெளிச்சத்துக்கு வருகிறது.

ஸ்காட்லாந்தின் ரைனி கிராமத்தில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான தொல்லுயிர்ச் செடிகளும் இப்படி இலையின்றி, கவட்டையாகக் கிளைத்தவைதான். அதனால் சைலோட்டம் அவற்றின் நேர் வாரிசு என்று நெடுங்காலம் எண்ணினார்கள். டி.என்.ஏ. ஆய்வு அதை மாற்றிவிட்டது. சைலோட்டம் பெரணிக் குடும்பத்துப் பிள்ளை. அதன் முன்னோருக்கு இருந்த இலையும் வேரும் பின்னால் மறைந்துபோயின.

மலைப்பக்கம் போனால் மரப்பொந்துகளைக் கவனியுங்கள். இலையில்லாத பச்சைக் குச்சிகளில் மும்மூன்றாகப் புடைத்த மஞ்சள் உருண்டைகள் தெரிந்தால், அவை சைலோட்டத்தின் வித்துப் பைகள். பார்த்து மகிழுங்கள், பறிக்க வேண்டாம்.