இலவச மின்சாரம் நிலைக்க வேண்டுமானால்...

“சார், மோட்டாருக்கு மீட்டர் வைக்கப் போறாங்களாமே? அப்புறம் பில்லும் வந்துடுமா?” மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் வட்டாரங்களில் விவசாயிகள் கூட்டம் எது நடந்தாலும் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. கேட்பவர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது.

5 ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 யூனிட் செலவாகும். தினம் 6 மணி நேரம் வீதம் 100 நாள் ஓட்டினால் 2,400 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தாலே 12,000 ரூபாய். 2024-25 ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 2,300 ரூபாய் கணக்கில் இது 5 குவிண்டால் நெல்லுக்குச் சமம். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இந்தத் தொகை மிஞ்சினால்தான் சாகுபடி.

இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. மின் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். 1990-ல் மு.கருணாநிதி ஆட்சியில்தான் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. 2003-ல் மீண்டும் கட்டணம் வந்தது. 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு அது ரத்தானது.

நமக்கு இலவசம் என்றாலும் மின்சாரத்துக்கு விலை உண்டு. அந்த மானியத்தை மாநில அரசு முன்கூட்டியே மின் நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டும் என்கிறது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம். அரசின் கையோ இறுக்கமாக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் வெளியான வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடன் சுமார் 5.7 லட்சம் கோடி ரூபாய் என்றது. 2017-ல் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது மின்வாரியக் கடனில் 22,815 கோடியை மாநில அரசே ஏற்றுக்கொண்டது. 2020-ல், மாநிலங்கள் கூடுதல் கடன் வாங்க மின்துறைச் சீர்திருத்தத்தை நிபந்தனையாக வைத்தது மத்திய அரசு. மானியத்தை வங்கிக் கணக்கில் போடும் முறையும் அதில் உண்டு. தமிழக அரசு எதிர்த்தது. முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள் என்றால், அந்த முதல் தொகைக்குச் சிறு விவசாயி வட்டிக்குத்தான் போக வேண்டும். நம்முடைய எதிர்ப்பு இந்த முறைக்குத்தான் இருக்க வேண்டும். மீட்டர் வேறு, பில் வேறு. அளந்து பார்ப்பதாலேயே இலவசம் போய்விடாது. கணக்கு இல்லாத இடத்தில்தான், மின்வாரிய நஷ்டம் முழுவதையும் விவசாயி தலையில் கட்டுவது சுலபம்.

கருவூலம் தாங்கினாலும் கிணறு தாங்க வேண்டுமே! கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கடப்பாக்கம் வரை கடலோர மணலில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மேலே ஓரடி இறங்கினால், கீழிருந்து உப்பு 40 அடி வரை ஏற வழி பிறக்கும். உப்பேறிய கிணற்றுக்கு எந்த அரசு இலவச மின்சாரம் தந்தும் பயனில்லை.

நாம் செய்ய வேண்டியவை:

● ஆட்டோ ஸ்டார்ட்டரை நம்பி மோட்டாரை விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். கரன்ட் வந்தபோதெல்லாம் ஓடி, தண்ணீர் வரப்பு தாண்டும்.

● ஃபுட் வால்வு ஒழுகுகிறதா, கெப்பாசிட்டர் வேலை செய்கிறதா என்று போகத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

● நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் போதும். துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, அதில் நீர்மட்டம் 15 செ.மீ. கீழே போனதும் பாய்ச்சுங்கள். பூக்கும் தருணத்தில் மட்டும் 5 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும்.

● தர்பூசணி, காய்கறிக்குச் சொட்டுநீர் போடுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகிதமும், மற்றவர்களுக்கு 75 சதவிகிதமும் மானியம் உண்டு. சிறு, குறு விவசாயி சான்றிதழைத் தயாராக வைத்திருங்கள்.

● கடலோரத்தில் கிணற்றை ஆழப்படுத்தாதீர்கள். ஒரே மூச்சில் இறைக்காமல், இடைவெளி விட்டு இறையுங்கள். கோடைக்கு முன்னும் பின்னும் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். மின் கடத்துத்திறன் 2.25-ஐத் தாண்டினால் வழக்கமான பயிருக்கு ஆகாது.

கிணறே இல்லாமல், பக்கத்து நிலத்துக்காரரிடம் தண்ணீர் வாங்கிப் பயிர் செய்பவர்கள் நம் ஊர்களில் ஏராளம். ஏரி நிறைந்தால் அவர்களுக்கும் தண்ணீர், மோட்டாருக்கும் ஓய்வு. எனவே, அடுத்த கிராம சபையில் இலவச மின்சாரம் தொடர வேண்டும் என்று தீர்மானம் போடும்போது, வரத்துக் கால்வாயைத் தூர்வாருவதையும் அதே தாளில் எழுதுங்கள். தண்ணீர் பரிசோதனை முடிவில் சந்தேகம் இருந்தால், பயிர் விவரத்தோடு கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்புங்கள்.