ஆட்டிசமுள்ள குழந்தையும் நமது சங்கமும்

குடும்பங்களின் கஷ்டங்களுள் சில, கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை. மூன்று வயதாகியும் பேச்சு வராமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராமை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல் ஆகியவற்றைக் கண்டு பெற்றோர் மருத்துவரிடம் செல்கின்றனர். அவர் ‘ஆட்டிசம்’ என்கிறார். அரசாங்க ஏடுகளில் இதற்கு மதியிறுக்கம் என்று பெயர். இனி எங்கே செல்வது, யாரைக் கேட்பது என்று திகைக்கும் அங்கத்தினர்களுக்கு வழி கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். இது மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. தாயின் வளர்ப்புக் குறையாலோ, கண்ணேறாலோ, முன்வினையாலோ வருவதன்று. தடுப்பூசியால் வருவதாக 1998-இல் வெளியான கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் விலக்கிக்கொண்டது. இதனை அடியோடு நீக்கும் மருந்து கிடையாது. ஆகவே, “பூரண குணம்” என்னும் விளம்பரங்களை நம்பி நகையை அடகு வைத்தல் வீண். ஆனால் தகுந்த பயிற்சியால் பேச்சும் பழக்கவழக்கமும் தன் காரியத்தைத் தானே செய்யும் திறனும் வளரக்கூடும். நாற்றங்காலில் காட்டும் கவனத்தின் பயனை விவசாயிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பயிற்சியையும் இளமையிலேயே தொடங்க வேண்டும்.

செய்ய வேண்டியவை வருமாறு:

1. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் நிறுவப்பட்டன. அங்கே கட்டணமின்றிப் பரிசோதனையும் பயிற்சியும் பெறலாம். செங்கற்பட்டு மாவட்டம் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கென 2005-இல் ஏற்பட்ட தேசிய நிறுவனமும் உளது.

2. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசமும் ஒன்று. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகிச் சான்றிதழும் தனி அடையாள அட்டையும் பெறுக. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு தேவை. சான்றிதழ் தற்காலிகமானதாயின் முடியும் தேதியைக் குறித்து வைக்க வேண்டும்.

3. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளை, ‘நிராமயா’ என்னும் காப்பீட்டை நடத்துகிறது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். பயிற்சிச் செலவும் இதில் அடங்கும். சேருமுன் மருத்துவச் சோதனை இல்லை.

4. சான்றிதழ் பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரை விசாரிக்கலாம்.

5. பிள்ளைக்கு 18 வயது நிரம்பியபின் சட்டபூர்வமான பாதுகாவலர் தேவைப்படின், மாவட்ட ஆட்சித்தலைவர் தலைமையிலுள்ள உள்ளூர்க் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம்.

வழிகள் இருந்தும் குடும்பங்கள் பாதியில் நின்றுவிடுவது ஏன்? சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் எம்போன்றோர் அறிந்த காரணம் ஒன்றுண்டு. கைத்தறிக் குடும்பத்தில் தாய் குழந்தையுடன் பயிற்சிக்குச் சென்றால் தார் சுற்ற ஆளில்லை. தறி நிற்கிறது, அவ்வாரக் கூலி குறைகிறது. அறுவடைக் காலத்தில் விவசாயக் குடும்பத்தின் நிலையும் இதுவே. அவர்கள் பயிற்சியை நிறுத்துவது அக்கறையின்மையாலன்று. கூலி இழப்பைத் தாங்கமாட்டாமையால்.

இவ்விடத்தில்தான் சங்கத்தின் கடமை தொடங்குகிறது. அத்தகைய குடும்பத்திற்குத் துணி ஒப்படைக்கும் தவணையைச் சற்று நீட்டிக் கொடுக்கலாம். பயிற்சி நாளில் அண்டை வீட்டார் முறைவைத்துத் தார் சுற்றித் தரலாம். செயலாளர் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து, நகல்களைப் பத்திரப்படுத்தலாம். துணைவிதிகள் இடந்தருமாயின் பொது நல நிதியிலிருந்து பயணச் செலவு வழங்கலாம். எதைச் செய்யினும், பெற்றோர் சம்மதமின்றிக் குழந்தையின் பெயரைக் கூட்டத்தில் வெளியிடலாகாது.

கடனும் நூலும் உரமும் வழங்குவதோடு கூட்டுறவு முடிந்துவிடுவதில்லை. தனித்து நிற்கும் குடும்பத்தைத் தனித்து நிற்க விடாமையே அதன் உயிர்நிலை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாகச் சேர்த்து, இப்பணிக்கென ஓர் அங்கத்தினரைப் பொறுப்பாக்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.