உங்க ஸ்கூட்டர் மேல தேனீக் கூட்டம்: அது படையெடுப்பு இல்ல, வீடு தேடல்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு குற்ற உணர்ச்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை. ஊருக்குப் போக பஸ் டிக்கெட் எடுத்திருந்தேன். பையோட கீழே இறங்கினா, பார்க்கிங்ல வாட்ச்மேன் அண்ணன் கையை நீட்டித் தடுக்கிறார். "தம்பி, வண்டிகிட்ட போகாதீங்க." என் ஸ்கூட்டர் ஹேண்டில்ல, கண்ணாடித் தண்டைச் சுத்தி, பலாப்பழம் அளவுக்குப் பழுப்பா ஒரு குவியல். மெதுவா நெளியுது. முழுக்கத் தேனீ.

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல பத்து நிமிஷத்துல அறுபது மெசேஜ். "ஆளைக் கூப்பிடலாமா?"ன்னு கேட்டாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு முதல்ல "ஓகே" போட்டது நான்தான். மருந்து அடிக்கிறவர் வந்தார். கால் மணி நேரத்துல தரை பூரா செத்த தேனீ. வாரிக் கூட்டித்தான் வண்டியை எடுத்தேன்.

அதுக்கப்புறம் படிச்சுப் பார்த்தப்பதான் தெரிஞ்சது: நாங்க சும்மா விட்டிருந்தா, பெரும்பாலும் ஓரிரு நாள்ல அதுவே கிளம்பிப் போயிருக்கும்.

ஏன்னு பார்ப்போம்.

ஒரு கூட்டில் தேனீக்கள் பெருகி இடம் போதாமல் ஆகும்போது, குடும்பம் இரண்டாகப் பிரியும். நம்ம ஊர்ல கல்யாணமான பிள்ளைங்கதான் தனிக்குடித்தனம் போவாங்க. இங்கே தலைகீழ். வரப்போகும் புது ராணிக்கு வீட்டை விட்டுட்டு, அம்மாதான் மூட்டை கட்டுறாங்க. பழைய ராணியோட, வேலைக்காரத் தேனீக்களில் பாதிக்கு மேல் கிளம்பிடும். போறதுக்கு முன்னாடி எல்லாரும் வயிறு முட்டத் தேன் குடிச்சுக்கும். வழிச் சாப்பாடு அதுதான்.

ஆனா புது வீடு இன்னும் முடிவாகல. ராணியால ரொம்ப தூரம் பறக்கவும் முடியாது. அதனால பழைய கூட்டுக்குக் கொஞ்ச தூரத்திலேயே, ஏதாவது ஒண்ணுல தொங்கிக் காத்திருக்கும். மரக்கிளை கிடைச்சா கிளை. இல்லன்னா சிக்னல் கம்பம், கார் கண்ணாடி, என் ஸ்கூட்டர். 2018 ஆகஸ்ட்ல நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர்ல ஒரு ஹாட் டாக் கடைக் குடை மேல இப்படி ஒரு கூட்டம் உட்கார்ந்தது. அந்த நகரப் போலீஸ்ல தேனீ பிடிக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க. அவங்க வந்து, ஒரு வேக்குவம் குழாயால உயிரோட உறிஞ்சி எடுத்துட்டுப் போனாங்க. 2017-ல ஜோஹன்னஸ்பர்க்ல தென்னாப்பிரிக்கா–இலங்கை ஒருநாள் போட்டியே தேனீக்களால ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்னுச்சு. அங்கேயும் ஒரு தேனீ வளர்ப்பாளர் வந்துதான் பிடிச்சார்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. அந்தக் குவியல் சும்மா தொங்கல. உள்ளே ஒரு கூட்டம் நடக்குது, மீட்டிங்.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச சில வருஷங்கள்ல, ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் மார்ட்டின் லிண்டாவர் என்ற ஆய்வாளர் இப்படி ஒரு கூட்டத்தைக் கவனிச்சார். அதன் மேற்பரப்பில் சில தேனீக்கள் ஆடிக்கிட்டிருந்தன. பூ இருக்கும் இடத்தைச் சொல்ல ஆடும் அதே ஆட்டம். ஆனா அதுங்க மேல மகரந்தம் இல்லை. ஒண்ணு மேல கரி, இன்னொண்ணு மேல செங்கல் தூள். குண்டு விழுந்து இடிஞ்ச நகரத்துல புகைபோக்கி, சுவர்ப் பொந்துன்னு நுழைஞ்சு வீடு பார்த்துட்டு வந்த தேனீக்கள் அவை.

இந்த வேவுத் தேனீக்கள் சில நூறு இருக்கும். பார்த்த இடம் எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பதை ஆட்டத்திலேயே சொல்லும். இடம் நல்லா இருந்தா ரொம்ப நேரம் ஆடும், சுமாரா இருந்தா சீக்கிரம் நிறுத்திடும். அதைப் பார்க்கும் மற்ற வேவுத் தேனீக்கள் அப்படியே நம்பிடாது. நேரில் போய்ப் பார்த்துட்டு வந்துதான் தானும் ஆடும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் சீலி பல வருஷம் இதை ஆராய்ந்தார். ஒரே இடத்துல ஒரே நேரத்துல இருபது, முப்பது வேவுத் தேனீக்கள் சேர்ந்துட்டா, அதுதான் முடிவு. ராணிக்கு இதுல ஓட்டே கிடையாது. உடனே எல்லாம் சிறகுத் தசைகளைச் சூடேத்தி, மொத்தமா எழும்பிப் போகும்.

சென்னையில வாடகைக்கு வீடு தேடினவங்களுக்கு இந்தப் பொறுமை புரியும். புரோக்கர் அனுப்பின போட்டோவை நம்பி அட்வான்ஸ் கொடுக்காத ஒரே கூட்டம் இதுதான்!

சரி, இது கொட்டாதா? காப்பாத்த அங்கே தேனும் இல்லை, குஞ்சும் இல்லை. அதனால கொட்டுற எண்ணம் ரொம்பக் குறைவு. குறைவுதான், இல்லவே இல்லைன்னு நான் சொல்லல. கல்லெறிஞ்சாலோ, தண்ணி பீய்ச்சினாலோ, புகை போட்டாலோ கொட்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். எல்லாத் தொங்கலும் வழிப்போக்கர் இல்லை. உயரமான கட்டடத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் அரைவட்டமா, சில சமயம் ஒரு மீட்டருக்கு மேல அகலமா தொங்குறது மலைத்தேனீ அடை. அது குடியேறின வீடு. உள்ளே குஞ்சு, தேன் எல்லாம் இருக்கும். ஏதாவது கிட்டே வந்தா, அதன் மேல அலை அலையா ஒரு மினுக்கம் ஓடும். அது எச்சரிக்கை. மலைத்தேனீ கூட்டமா துரத்திக் கொட்டும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதைக் கையாளப் பழகினவங்கதான் தொடணும்.

அப்போ உங்க பார்க்கிங்ல தேனீ வந்தா என்ன செய்யணும்?

திடீர்னு வந்து உட்கார்ந்த, அடையே இல்லாத குவியல்னா, சுத்தி இருபது அடி விட்டு ஒரு கயிறு கட்டுங்க. குழந்தைகளையும் நாயையும் உள்ளே வைங்க, ஜன்னலைச் சாத்துங்க, காத்திருங்க. அவசரமா எடுக்கணும்னா, உயிரோட பிடிக்கத் தெரிஞ்ச தேனீ வளர்ப்பாளரைத் தேடுங்க. அவருக்கு அது தொல்லை இல்லை, பெட்டிக்கு ஒரு புதுக் குடும்பம்.

யாரையாவது கொட்டிட்டா, கட்டடத்துக்குள்ளயோ காருக்குள்ளயோ ஓடுங்க, முகத்தை மூடிக்கோங்க. தண்ணில குதிக்காதீங்க. கொடுக்கை உடனே எடுத்துடுங்க, அதிலிருந்து வர்ற வாசனை மற்ற தேனீக்களையும் கூப்பிடும். மூச்சுத் திணறினாலோ, முகம், தொண்டை வீங்கினாலோ, நிறைய இடத்துல கொட்டியிருந்தாலோ ஒரு நிமிஷம்கூட யோசிக்காம 108.

அன்னைக்கு நான் அவசரமா கிளம்பிப் பிடிச்ச பஸ், கோயம்பேட்டிலேயே ஒன்றரை மணி நேரம் லேட். அந்த நேரத்தைத் தேனீக்களுக்குக் கொடுத்திருக்கலாம். உங்க குரூப்ல அடுத்த முறை அந்தக் கேள்வி வந்தா, "ஓகே" போடுறதுக்கு முன்னாடி இந்த எபிசோட் லிங்கைப் போடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.