கிட்னி கொடுத்தவர்களே... எடையையும் பிரஷரையும் கவனியுங்கள்!

“தம்பிக்குக் கிட்னி கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. அவன் நன்றாக இருக்கிறான். ஆனால், 62 கிலோ இருந்த நான் இப்போது 74 கிலோ. சுகாதார நிலையத்தில் பிரஷர் 150/96 என்கிறார்கள். ஒற்றைக் கிட்னி என்பதால்தான் இப்படியா?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடிகிற விஷயமில்லை என்பதால், தனிக் கட்டுரையாகவே எழுதுகிறோம்.

ஒற்றைக் கிட்னிக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால், கூடிய 12 கிலோவின் பங்கு அதைவிடப் பெரிதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நல்ல சேதி என்னவென்றால், அந்த 12 கிலோ நம் கையில் இருக்கிறது.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். ஒரு கிட்னியோடு முழு ஆயுளும் வாழ முடியும். 1954-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தன் இரட்டைச் சகோதரருக்குக் கிட்னி கொடுத்த ரொனால்ட் ஹெரிக், அதன்பிறகு 56 ஆண்டுகள் வாழ்ந்தார். கணக்கு வாத்தியார், விவசாயமும் பார்த்தவர். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971-லேயே இந்த அறுவை சிகிச்சை நடந்துவிட்டது.

இரண்டு மோட்டார் இறைத்த தோட்டத்தில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் கிட்னி கொஞ்சம் பெருத்து, தன் வேலையைக் கூட்டிக்கொள்ளும். சில மாதங்களில், முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் 60 முதல் 70 சதவிகிதத்தை அது ஒன்றே செய்துவிடும். சாதாரண வாழ்க்கைக்கு இது தாராளம். ஆனால், அதே மோட்டாரை வைத்து இன்னும் இரண்டு ஏக்கருக்குப் பாய்ச்சச் சொன்னால்? எடை ஏறும்போது அதுதான் நடக்கிறது. பெருத்த உடம்பின் ரத்தத்தை வடிகட்ட, கிட்னிக்குள் இருக்கும் லட்சக்கணக்கான நுண்ணிய வடிகட்டிகள் ஒவ்வொன்றும் கூடுதல் அழுத்தத்தில் ஓட வேண்டியிருக்கிறது. உடல் பருமன் உப்பையும் நீரையும் உடம்பிலேயே தேக்கிவைக்கும். பிரஷர் ஏறும். ஏறிய பிரஷர் அந்த வடிகட்டிகளைப் பழுதாக்கும். பழுதானால் பிரஷர் இன்னும் ஏறும்.

பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006-ல் வெளியான கணக்கின்படி, கிட்னி கொடுத்து 5 முதல் 10 ஆண்டுகளில், வயதால் ஏறுவதைவிட சுமார் 5 புள்ளி கூடுதலாகப் பிரஷர் ஏறுகிறது. இது சிறிய ஏற்றம்தான். எடையும் சேரும்போதுதான் சிக்கல். அமெரிக்காவில் கிட்னி கொடுத்த சுமார் 1,20,000 பேரைப் பற்றிய ஆய்வு 2017-ல் வந்தது. கொடுக்கும்போது பருமன் இல்லாதவர்களில் 20 ஆண்டுகளுக்குள் கிட்னி செயலிழந்தவர்கள் 10,000-க்கு சுமார் 40 பேர். பருமனாக இருந்தவர்களில் சுமார் 94 பேர். இரண்டுமே 100-க்கு ஒருவரைவிடக் குறைவுதான் என்பதையும் கவனியுங்கள். அலற வேண்டாம், அசட்டையாகவும் இருக்க வேண்டாம்.

எது பருமன்? எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். 155 செ.மீ உயரமுள்ள பெண் 62 கிலோ இருந்தால் 25.8 வரும், 74 கிலோ என்றால் 30.8. நம் நாட்டவருக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் பருமன் என்று கணக்கிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ, ஆண்களுக்கு 90 செ.மீ தாண்டக் கூடாது.

ஏன் எடை ஏறுகிறது? சில வாரங்களுக்குக் கனமான பொருளைத் தூக்காதீர்கள் என்று டாக்டர் சொல்வார். வீட்டில் அதை ஆயுள் தண்டனையாகவே மாற்றிவிடுகிறார்கள். “கிட்னி கொடுத்த உடம்பு, நீ உட்காரு” என்று களைவெட்டு, மாட்டு வேலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தெம்புக்கென்று நெய்யும் முட்டையுமாகப் போடுகிறார்கள். பாசம்தான், மறுக்கவில்லை. கிட்னி வாங்கியவரை மாதாமாதம் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறவர்கள், கொடுத்தவருக்கு ஒருமுறைகூட பிரஷர் பார்ப்பதில்லை என்பதுதான் வருத்தம். காயம் ஆறி, டாக்டர் சரி என்றதும் வயல் வேலைக்குத் திரும்பலாம். திரும்ப வேண்டும்.

கடிதம் எழுதிய சகோதரி முதலில் டாக்டரைப் பாருங்கள். 150/96-ஐ நடைப்பயிற்சியால் மட்டும் சரிசெய்கிறேன் என்று தள்ளிப்போட வேண்டாம், மாத்திரை தேவைப்படலாம். 130/80-க்குள் வைத்திருக்கவே கிட்னி டாக்டர்கள் விரும்புவார்கள். கூடவே எடையைக் குறையுங்கள். ஒரு கிலோ குறைந்தால் பிரஷரின் மேல் அளவு சராசரியாக ஒரு புள்ளி குறையும். உப்பு, ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம். ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். ‘இந்துப்புக்கு மாறிவிட்டேன்’ என்று பலர் சொல்கிறார்கள். அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம்தான். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பதை டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும்.

வேலை முடிந்து இடுப்பு வலிக்கிறது என்று பெட்டிக்கடையில் டைக்ளோஃபெனாக், புரூஃபன் வாங்கிப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இவை கிட்னியைக் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும். எந்த டாக்டரிடம் போனாலும் ‘எனக்கு ஒரு கிட்னிதான்’ என்று முதலில் சொல்லுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை பிரஷர், எடை, ரத்தத்தில் கிரியேட்டினின், சர்க்கரை, சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துவையுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கு வரும்போது, நோயாளி மட்டுமல்ல, கொடுத்தவரும் கையை நீட்டலாம்.

இனிமேல் கொடுக்கப் போகிறவர்களுக்கு: எடை அதிகமென்றால் குறைத்துக்கொண்டு வரும்படி டாக்டர்கள் சொல்வது தட்டிக்கழிக்க அல்ல. நம் நாட்டில் உயிரோடிருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், கிட்னி கொடுத்த பெண்களின் கர்ப்பங்களில் 11 சதவிகிதத்தில் பிரஷர் தொல்லை வந்தது. கொடுக்காதவர்களின் கர்ப்பங்களில் 5 சதவிகிதம். குழந்தை பெறும் திட்டமிருக்கும் தங்கையோ மனைவியோ கிட்னி கொடுக்க முன்வந்தால், சம்மதக் கையெழுத்துக்கு முன்பே இதை டாக்டரிடம் கேட்டுப் பேசிவிடுங்கள்.