பட்டாளத்தாரின் மௌனம்

போர்முனையில் கால் இழந்து திரும்பியவரை ஊர் போற்றுகின்றது. உள்ளம் புண்பட்டுத் திரும்பியவரை ஊர் அறிவதில்லை, அவரும் அறிவிப்பதில்லை. நள்ளிரவில் அலறி எழுவதும், தீபாவளி வெடியோசைக்கு நடுங்கி அறைக்குள் ஒடுங்குவதும், காரணமின்றிச் சீறுவதும், பேச்சற்றுத் திண்ணையில் அமர்ந்திருப்பதும் அவருடைய குணம் என்றே வீட்டார் எண்ணிவிடுகின்றனர்.

குணமன்று, இவை ஒரு நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். முதல் உலகப் போரின்போது, 1915-ஆம் ஆண்டிலேயே, சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இதைப்பற்றி எழுதினார். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோய் என இதனை முறையாக வகைப்படுத்திற்று. இதற்கு மருந்து உண்டு. பேசித் தீர்க்கும் சிகிச்சையும் உண்டு. அவ்வாறிருந்தும் நம் பட்டாளத்தார் மருத்துவரை நாடாதது ஏன்?

முதற்காரணம் பழக்கம். வலியை வெளிக்காட்டாமையே வீரம் என்று பட்டாளம் பயிற்றுவிக்கின்றது. படைவீரரின் உடற்தகுதியை அளவிடுகையில் மனநிலையும் அங்கே கணக்கில் கொள்ளப்படுகின்றது. தகுதி குறைந்தால் பதவி உயர்வு தடைப்படலாம். பணியில் இருக்கையில் மறைத்தவர், ஓய்வு பெற்ற பின்னும் மறைக்கின்றார்.

இரண்டாவது, ஊர்வாய்க்கு அஞ்சுதல். மனநல மருத்துவரின் வாசலை மிதித்தால் ‘பைத்தியம்’ என்ற பட்டம் வந்துவிடும். மகளுக்கு வரன் அமையாது என்ற கவலை. ஆகவே உறக்கத்திற்குக் கேன்டீன் ரம்மே மருந்தாகின்றது. அது நோயைத் தணிப்பதில்லை. குடும்பத்தையும் சேர்த்து அழிக்கின்றது.

மூன்றாவது, சொல்ல இயலாத நினைவுகள். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதி காக்கும் படையில் ஏறத்தாழ 1,200 வீரர்கள் உயிரிழந்தனர். அப்படையில் இருந்த தமிழ் வீரர்கள், தம் தாய்மொழியே பேசும் மக்களின் நடுவே போரிட நேர்ந்தது. 1990 மார்ச்சில் இறுதி அணி சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது மாநில முதல்வர் வரவேற்கச் செல்லவில்லை. அத்தகைய சூழலில் ஊர் திரும்பியவர், கண்டதை யாரிடம் சொல்லியிருப்பார்?

நான்காவது காரணம் நம்மைச் சார்ந்தது. செபமும் நேர்ச்சையும் போதும் என்று நாமே சொல்லிவிடுகின்றோம். ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையிடம் மன்றாடுவது நன்றே. ஆயின் அன்னை மருத்துவரைத் தடுப்பவள் அல்லள். மருத்துவரும் இறைவனின் ஏற்பாடே என்று சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரம் கற்பிக்கின்றது.

புனித இஞ்ஞாசியாரும் ஒரு போர்வீரரே. 1521-இல் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டால் காலில் காயமுற்றார். அடுத்த ஆண்டு மன்ரேசாவில், அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டும் அமைதி காணாது, உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனைக்கும் உள்ளானார். அவர் அதை மறைக்கவில்லை; பின்னாளில் தம் வரலாற்றைச் சொன்னபோது அதையும் சொன்னார். பாவசங்கீர்த்தனம் பாவத்தைப் போக்குகின்றது. மன்னிப்புப் பெற்ற பின்னும் கனவுகள் வாட்டினால், இறைவன் மன்னிக்கவில்லை என்பது பொருளன்று. காயம் இன்னும் ஆறவில்லை என்பதே பொருள். அக்காயத்திற்கு மருத்துவர் வேண்டும்.

வழிகள் இல்லாமல் இல்லை. 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் மருத்துவமனை திருச்சியில் உள்ளது. 2022 முதல் இயங்கும் டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். நோயாளியின் விவரங்களை வெளியிடலாகாது என 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் காக்கின்றது.

ஆயினும் முதல் அடியை அவர் தனித்து எடுத்துவைப்பது அரிது. இல்லத்தரசியரே, பிள்ளைகளே! ‘உங்களுக்கு என்ன பைத்தியமா?’ என்று கேளாதீர்கள். ‘நானும் உடன் வருகிறேன்’ என்று சொல்லுங்கள். அரும்பாவூர்ப் பகுதியிலிருந்து திருச்சி தொலைவன்று. துணையின்றிச் செல்பவருக்கே அது தொலைவு.